கணினிக் கல்வியில் அளவையறிவு

எண்ணும் எழுத்தும் கல்விக்கு இரு கண்களென்பது தமிழர் நெடுங்காலமாகக் கொண்ட கொள்கை. முற்காலத்தில் இவ்விரண்டும் தனித்தனிக் கலைகளாகவே பயிலப்பட்டன. எண் கற்றோன் அளந்தான். எழுத்துக் கற்றோன் உரைத்தான். இன்றோ, எழுத்தையே எண்ணாக்கிச் சேமித்து, அவ்வெண்களிலிருந்து மீண்டும் எழுத்தைப் பிறப்பிக்கும் யந்திரங்கள் தோன்றிவிட்டன. 1956ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியிற் கூடிய அறிஞர் சிலர் இத்துறைக்குச் செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரை நிலைநாட்டினர். அறுபத்தாறு ஆண்டுகள் கழிந்து, 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே சாட்ஜிபிடி என்னும் உரையாடற் பொறி வெளிவந்தபின், அப்பெயர் பாடசாலைப் பிள்ளைகளின் வாயிலும் வழங்கலாயிற்று. ஆய்வுகூடத்திலிருந்த பொருள் வகுப்பறைக்கு வந்துவிட்டமையின், அதனைக் கற்பிக்கும் முறை யாது, கற்பித்தலின் பயன் யாது என்னும் வினாக்கள் கல்வியுலகில் எழுந்துள்ளன. அவற்றுக்கு இதுகாறும் அளிக்கப்பட்ட விடைகள் போதியனவா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

விடை கூற முற்பட்டோர் பலர். இந்தியாவிலே மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கருக்குச் செயற்கை நுண்ணறிவை ஒரு விருப்பப் பாடமாக்கியது. இலங்கையிலே கல்வியமைச்சு, மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் துணையோடு, 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 20 பாடசாலைகளில் தரம் 8 முதலான மாணாக்கருக்கு ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடக்கியது. அதே ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் மாணாக்கர் பெறவேண்டிய தேர்ச்சிகளை வகுத்து வெளியிட்டது. மனிதனை மையமாகக் கொண்ட மனப்பாங்கு, அறநெறி, நுட்பங்களும் பயன்பாடுகளும், முறைமையை வடிவமைத்தல் என நான்கு பிரிவுகளை அது கூறும். விளங்குதல், பிரயோகித்தல், ஆக்குதல் என மூன்று படிகளையும் அது வகுக்கும். இவை யாவும் பாராட்டுக்குரிய முயற்சிகளே. ஆயினும் இவற்றை ஒருசேர நோக்குவார்க்கு ஒரு குறை புலப்படும். செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரே முன்னிற்கின்றது. அவ்வறிவுக்கு உணவாகிய தரவு பின்னே ஒதுங்கி நிற்கின்றது. உண்டதன் தன்மையறியாது உடலின் தன்மையை ஆராய்தல் எங்ஙனம் கூடும்?

இக்குறை எமது நாட்டுப் பாடவிதானத்திலே தெளிவாகக் காணப்படுவதாகும். க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்திற்கென 2017ஆம் ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தின் முதல் அலகு, தரவு யாது, தகவல் யாது என்று தொடங்குகின்றது. அதன் இறுதி அலகு, தொழினுட்பத்தின் புதிய போக்குகள் என்னும் தலைப்பிலே செயற்கை நுண்ணறிவைத் தொட்டுச் செல்கின்றது. இடையிலே எண்முறைமைகள், தருக்கப் படலைகள், வலையமைப்பு, தரவுத்தளம், பைதன் மொழியிற் செய்நிரலாக்கம் ஆகியன உள. ஒவ்வோரலகும் தன்னளவில் நன்றே. ஆனால் முதலலகிற் கூறப்பட்ட தரவே இறுதி அலகிற் கூறப்படும் நுண்ணறிவாக மாறுகின்றது என்னும் உண்மையை மாணாக்கன் உணர்வதற்கு அவ்விரண்டையும் இணைக்கும் பாலம் ஒன்றும் இல்லை. தொடக்கத்திற் படித்த வரைவிலக்கணத்தை முடிவிற் படித்த வரைவிலக்கணத்தோடு அடுக்கி வைத்துக்கொண்டே அவன் பரீட்சை மண்டபத்துட் புகுகின்றான். பதப்படுத்தப்படாத உண்மைகள் தரவு எனவும், பதப்படுத்தப்பட்டவை தகவல் எனவும் எழுதிப் புள்ளி பெறும் அவனிடம், அத்தரவை யார் திரட்டினார், எதற்காகத் திரட்டினார், எவரை விட்டுத் திரட்டினார் என்று வினவுவாரிலர்.

தரவு என்பது தானாக விளைந்து கிடப்பதன்று. ஒருவர் ஒரு நோக்கத்தோடு, ஒரு கருவியால், ஓர் எல்லைக்குள் ஆக்கிக்கொள்வது. இவ்வுண்மையை விளக்கத் தொலைதூர எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. 'தமிழ்' என்னும் சொல்லே சாலும். கண்ணுக்கு அதில் மூன்றெழுத்து. யுனிகோட் என்னும் உலகப் பொதுக் குறியீட்டு முறையிலோ, தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என அஃது ஐந்து குறிகளாகும். பெருவழக்காயுள்ள யு.ரி.எப். எட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் மூன்று பைற்று வேண்டப்படுதலின், அச்சொல்லைச் சேமிக்க 15 பைற்று செல்லும். அதே பெயரை ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தால் எழுதின் ஐந்து பைற்றே போதும். மொழிப் பொறிகள் பல, தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லினும் மிகுதியான துண்டுகளாக்கியே கையாள்கின்றன. அவை கற்ற பனுவல்களிலும் ஆங்கிலமே பெரும்பங்கு. ஆங்கிலத்திற் செவ்வையாக விடையிறுக்கும் பொறி தமிழிலே தடுமாறுவதன் காரணங்களுள் இவையும் அடங்கும். எண்முறைமை அலகைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வொரு சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் கணக்கிடச் செய்வாராயின், முதலலகுக்கும் இறுதியலகுக்கும் இடையே ஒரு பாலம் எழுந்துவிடும். அதற்குப் புதிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

இனி, இலங்கை மாணாக்கர் ஒவ்வொருவரின் வாழ்வையும் தீர்மானிக்கும் தரவுக் கணிப்பொன்று உளது. அதுவே இசற் புள்ளி. ஒருவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறப்படும் இவ்வெண், 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு அடிப்படையாக விளங்குகின்றது. இதனை அறியாத மாணாக்கன் இல்லை. இதன் உட்பொருளை அறிந்த மாணாக்கனோ அரியன். 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலே பழைய பாடத்திட்டப்படி எழுதியோரும் புதிய பாடத்திட்டப்படி எழுதியோரும் இருந்தனர். இரு சாராரையும் ஒன்றாகக் கொண்டு இசற் புள்ளி கணிக்கப்பட்டமையாற் பெரும் பிணக்கு விளைந்து, வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2012ஆம் ஆண்டிலே நீதிமன்றம் அக்கணிப்பை நீக்கி, இரு சாராரையும் வெவ்வேறு தொகுதிகளாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு பணித்தது.

இதன் நுட்பத்தைச் சிறியதொரு கணக்கால் விளக்கலாம். பழைய வினாத்தாளில் இடை 50, புதிய வினாத்தாளில் இடை 40, இரண்டிலும் நியம விலகல் 10, எழுதியோர் தொகை சமம் என்று கொள்க. புதிய தாளில் 50 பெற்றவன் தன் கூட்டத்தாருள் 1 என்னும் இசற் புள்ளிக்கு உரியவன். பழைய தாளில் 50 பெற்றவனுக்கு உரியது 0. இரு கூட்டத்தையும் ஒன்றாக்கினால் இடை 45 ஆகும். நியம விலகல் ஏறத்தாழ 11.2 ஆகும், இருவருக்கும் கிடைப்பது ஏறத்தாழ 0.45. கடினமான தாளை எழுதியவன் இழந்தான். இலகுவான தாளை எழுதியவன் பெற்றான். கூட்டலிலும் வகுத்தலிலும் பிழை எங்குமில்லை. கணிதம் செவ்வையாயிருந்தும் நீதி பிழைத்தது. கூட்டத்தகாதவற்றைக் கூட்டியதே காரணம். செயற்கை நுண்ணறிவின் பிழைகளுட் பெரும்பாலனவும் இத்தகையனவே. பொறி கணக்கிற் பிழைப்பதில்லை. அதன் கையிற் கொடுக்கப்பட்ட கூட்டமே பிழையாயிருக்கும். 2020ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் இங்கிலாந்திலே பெருந்தொற்றினாற் பரீட்சை நடவாதுபோக, பாடசாலைகளின் முற்காலப் பெறுபேறுகளையும் சேர்த்து ஒரு கணிப்பு முறையால் தரங்கள் வழங்கப்பட்டன. ஆசிரியர் மதிப்பிட்ட தரங்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குறைக்கப்பட்டன. மாணாக்கர் கிளர்ந்தெழச் சில நாள்களுள் அம்முறை கைவிடப்பட்டது. ஒருவன் படித்த பாடசாலையின் பழைய வரலாறு அவனுடைய இன்றைய தகுதிக்குச் சான்றாகுமா என்னும் வினாவே அங்கும் எழுந்தது.

திரட்டப்பட்ட தரவின் பிழை ஒருபாலாக, திரட்டப்படாத தரவின் வெறுமை மற்றொருபாற் கிடக்கின்றது. இவ்வகையில் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளைகள் கற்க வேண்டியது மிகுதி. 1981ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கை முழுவதையும் தழுவிய குடிசன மதிப்பீடு 2012ஆம் ஆண்டிலேயே நடைபெற்றது. 1991இல் மதிப்பீடே நிகழவில்லை. 2001இல் வடக்குக் கிழக்கின் ஏழு மாவட்டங்களில் அது முழுமையாக நடைபெறவில்லை. முப்பத்தொரு ஆண்டுக்காலம், ஒரு தலைமுறை முழுவதும், முறையாக எண்ணப்படாமலே வாழ்ந்து கழித்தது. இனி, எண்ணப்பட்ட இரு ஆண்டுகளையேனும் ஒப்பிடலாமெனின், அதிலும் ஓரிடர் உளது. 1981இல் யாழ்ப்பாண மாவட்டத்துக்குக் கூறப்படும் தொகை ஏறத்தாழ 8 இலட்சத்து 30 ஆயிரம். 2012இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். ஒன்றிலிருந்து மற்றையதைக் கழித்து, ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பேர் குறைந்தனரென மாணாக்கனும் கூறுவான், பொறியும் கூறும். ஆனால் 1984ஆம் ஆண்டிலே கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டமையை இருவரும் நோக்கிலர். 1981ஆம் ஆண்டுத் தொகையில் அப்பகுதியார் ஏறத்தாழ 92 ஆயிரவர் அடங்குவர். அவரை நீக்கி நோக்கின் குறைவு ஏறத்தாழ ஒன்றரை இலட்சமேயாம். பெயர் ஒன்றாயிருப்பினும் எல்லை ஒன்றன்று. இதனை அறியாதார் கையில் எண் உண்மையை மறைக்கும் திரையாகும்.

காங்கேசன்துறைப் புகையிரதப் பாதையும் இதனையே கற்பிக்கும். 1990இல் நின்றுபோன சேவை 2015ஆம் ஆண்டு தொடக்கத்திலேயே மீண்டும் அத்துறையை அடைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு ஒரு விரிதாளிலே பிரயாணிகள் தொகையை நிரப்பும் மாணாக்கன், 0 என்று எழுதுவானா, கட்டத்தை வெறுமையாக விடுவானா? 0 என்று எழுதுவானாயின், அத்தரவைப் பயின்ற பொறி, இவ்வூரார்க்குப் புகையிரதத்தில் நாட்டமில்லை என்று முடிவுசெய்யும். வெறுமையாக விட்டு, ஊரே இடம்பெயர்ந்திருந்தது எனக் குறிப்பெழுதுவானாயின், உண்மை நிலைபெறும். இல்லாமை வேறு, அறியப்படாமை வேறு. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்ட பிள்ளை, தரவறிவின் பாதியைக் கற்றுவிட்டதெனலாம்.

இவ்வாறு வினவும் பழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. அருணந்தி சிவாசாரியர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலே இயற்றிய சிவஞான சித்தியார், பொருளை ஆராயுமுன் பொருளை அறியும் கருவியாகிய அளவையை ஆராய்வது. அளவைகள் பலவெனப் பிறர் கூறினும் அவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமென்பது அந்நூலின் துணிபு. காட்சியிலும் ஐயமும் திரிபும் நேர்தல் கூடும். கருதலுக்கு ஏதுவும் சாத்தியமும் விட்டு நீங்காத் தொடர்புடையனவாதல் வேண்டும். உரைக்கோ உரைத்தவன் நம்பத்தக்கவனாதல் வேண்டும். உரையாடற் பொறி கூறும் விடை இம்மூன்றனுள் எதன்பாற்படும்? அது பொருளைக் கண்டதன்று, ஆகலிற் காட்சியன்று. முன்வந்த சொற்களைக் கொண்டு அடுத்து வரத்தக்க சொல்லை நிகழ்தகவால் தேர்ந்து தொடுப்பது அதன் இயல்பு. சொற்கள் ஒருங்கு வருதலாகிய தொடர்பு, புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு போல்வதன்று. ஆகலின் முறையான கருதலென்று கொள்ளவும் இயலாது. எஞ்சியது உரை. அது பலர் உரைத்தவற்றின் கலவையாதலின், உரைத்தவர் யாரெனத் தெரியாத உரை. உரைத்தவரை அறியாதவிடத்து, வேறோரளவையாற் சோதித்த பின்னரே அதனைக் கொள்ளல் முறை. பொறியை வெறுக்க வேண்டுமென்பது இதன் கருத்தன்று. அதன் விடை பலகால் மெய்யாயிருக்கும்; மெய்யாயிருப்பினும், மெய்யென்று அறிதற்குரிய ஏது அவ்விடையினுள்ளே இல்லை. இதனை மாணாக்கன் உணர்தல் வேண்டும்.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்தறிஞர் சி. வை. தாமோதரம்பிள்ளையின் பணியும் இங்கு நினைக்கத்தக்கது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885ஆம் ஆண்டிலும் கலித்தொகையை 1887ஆம் ஆண்டிலும் அச்சேற்றிய அவர், கிடைத்ததோர் ஏட்டை அப்படியே அச்சிற் கொடுத்தாரல்லர். ஏடுகளைத் தேடி ஒப்பு நோக்கினார், பாடவேறுபாடு கண்டார், சிதைந்த இடத்தைச் சிதைந்ததென அறிந்தார். ஓர் ஏடு எவரிடமிருந்து வந்தது, எதன் பிரதி, எழுதினோன் எங்கே பிழைத்தான் என்று வினவுதல் பதிப்பாசிரியரின் கடமை. ஒரு தரவுத்தொகுதி எங்கிருந்து வந்தது, எவராற் பிரதிசெய்யப்பட்டது, எங்கே விடுபட்டது என்று வினவுதல் இன்றைய கணினி மாணாக்கனின் கடமை. தொழில் ஒன்றே, பொருள் மாத்திரம் வேறு.

கூட்டத்தில் இடம்பெறாதார் எவ்வாறு துன்புறுவர் என்பதற்கு 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சி சான்றாகும். ஜோய் புவோலம்வினி, திம்னித் கெப்ரு என்னும் இருவர், முகத்தைக் கொண்டு ஆணோ பெண்ணோ எனக் கூறும் வணிகப் பொறிகள் மூன்றைச் சோதித்தனர். வெண்ணிற ஆடவரிடத்து மிகக்கூடிய பிழை நூற்றுக்கு 0.8, கருநிறப் பெண்டிரிடத்து அது நூற்றுக்கு 34.7 வரை சென்றது. இத்தகைய பொறிகளைப் பயிற்றவும் சோதிக்கவும் வழங்கிய படத்தொகுதிகளில் வெண்ணிறத்தார் படமே மிகுந்திருந்தமை அவ்வாராய்ச்சியாற் புலனாயிற்று. மொத்தப் பிழையின் சராசரியை மட்டும் நோக்கியிருப்பின் இக்கொடுமை வெளிப்பட்டிராது. எந்தக் கூட்டத்தாருக்கு எவ்வளவு பிழை என்று பிரித்து நோக்கும் பழக்கமே அதனை வெளிப்படுத்தியது. சராசரி என்னும் போர்வைக்குள் மறைந்து கிடப்போர் எவரெனக் கேட்கும் பிள்ளைகள் எமக்கு வேண்டும். அவ்வாறு மறைக்கப்படத்தக்க நிலையிலுள்ளோர் எம்மவரேயாதலின்.

இவற்றை வகுப்பறையிற் கற்பித்தல் எங்ஙனமெனின், ஒருவழி கூறுதும். குடாநாடு சுண்ணக்கற்பாறையின் மேலுள்ளது. வற்றாத ஆறு இங்கில்லை. குடிநீருக்கும் பயிருக்கும் நிலத்தடி நீரே பெருந்துணை. காங்கேசன்துறை, கீரிமலை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களின் கிணறுகள் இருபத்தைந்தை மாணாக்கர் தேர்ந்தெடுக்கட்டும். கடலிலிருந்து கிணற்றின் தூரம், நீரின் உவர்ச் செறிவு ஆகியவற்றை அளந்து, வீட்டார் அதனை நன்னீர் என்பரோ, சவர்நீர் என்பரோ எனக் குறித்துக்கொள்ளட்டும். இருபது கிணறுகளை வரைபுத்தாளிற் புள்ளிகளாக இட்டு, நன்னீரையும் சவர்நீரையும் பிரிக்கும் கோடொன்றை வரைதல் வேண்டும். எஞ்சிய ஐந்து கிணறுகளை அக்கோட்டாற் சோதித்தல் வேண்டும். யந்திரக் கற்றலின் அடிப்படை இதுவே: எடுத்துக்காட்டுகளிலிருந்து விதியைப் பெறுதல், காணாத பொருளில் அவ்விதியைச் சோதித்தல். பொறி கோடிக்கணக்கான புள்ளிகளிற் செய்வதை மாணாக்கன் இருபதிற் செய்கின்றான்.

கோடு பிழைக்கும்பொழுதுதான் பாடம் முதிர்கின்றது. நன்னீரைச் சவரென்று தள்ளுதல் ஒரு பிழை. சவரை நன்னீரென்று கொள்ளுதல் மற்றொரு பிழை. இரண்டும் ஒரே தீங்கு விளைப்பனவல்ல. எதனைக் குறைத்தல் வேண்டுமென்பதைக் கணிதம் தீர்மானிக்காது. நீரைப் பருகுவோர் நலமே தீர்மானிக்கும். மார்கழி மழையின்பின் அளந்த கோடு ஆடி மாதத்திற் செல்லுமா என்று அடுத்து வினவலாம். செல்லாதெனக் கண்டபோது, காலம் மாறினால் விதியும் மாறுமென்பதை மாணாக்கன் தானே உணர்வான். நன்னீர் என்று குறித்தவர் யார், ஒரு வீட்டார்க்கு நன்னீரானது மற்றை வீட்டார்க்குச் சவராகாதா என்று கேட்கும்போது, பொறிக்குக் கற்பிக்கப்படும் பெயர்களும் மனிதர் இட்டனவே என்பது விளங்கும்.

இவ்வாராய்ச்சியில் வீட்டார் பெயரை எழுதுதல் வேண்டுமா என்னும் வினாவும் உடன் எழும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரைப் பற்றிய தரவை நோக்கத்துக்கு வேண்டிய அளவிலேயே திரட்டல் வேண்டுமென்னும் நெறியை ஏற்றுள்ளது. கிணற்றுக்கு இலக்கமிட்டால் ஆராய்ச்சி நிறைவேறுமாயின் பெயர் மிகையாகும். அறநெறி தனியொரு பாடமாகக் கற்பிக்கப்படும்பொழுது மனனத்துக்குரிய பட்டியலாகிவிடும்; ஒரு கிணற்றங்கரையில் நின்று முடிவுசெய்யப்படும்பொழுது ஒழுக்கமாகும்.

இதற்கு மூன்று தடைகள் கூறப்படலாம். கணினியும் இணையவசதியும் குறைந்த பாடசாலைகளில் இவை இயலுமா என்பது முதலாவது. மேற்கூறியவற்றுள் தமிழ்ச்சொற் கணக்கும், இசற் புள்ளிக் கணக்கும், கிணற்று வரைபும் தாளும் எழுதுகோலும் கொண்டே நிறைவேறும். கணினி கிடைத்தவிடத்து விரிதாளும் பைதனும் அவற்றை விரைவாக்கும். பாடப்பரப்பு ஏற்கெனவே மிகுதி, புதியதற்கு நேரமெங்கே என்பது இரண்டாவது. இங்கே வேண்டப்படுவது புதியதோர் அலகன்று. உள்ள அலகுகளைத் தொடுக்கும் நூலே. கணித பாடத்தில் மீடிறன் பரம்பலும் இடையும் நிகழ்தகவும் முன்னரே கற்பிக்கப்படுகின்றன. கணினிப் பாடம் அவற்றைக் கையிலெடுத்தலே போதும். பொறியைப் பயன்படுத்தப் பழக்கினாற் போதாதா, தொழிற்சந்தை வேண்டுவது அதுவன்றோ என்பது மூன்றாவது. இதுவே வலிய தடை. தொழில் வேண்டும் இளைஞர்க்குக் கருவிப் பயிற்சி வேண்டாவெனக் கூறுதல் அறிவுடைமையாகாது. ஆயினும் கருவிகள் ஆண்டுதோறும் மாறுவன. இன்று பழகிய பொறி, மாணாக்கன் பட்டம் பெறுமுன் பழையதாகிவிடும். தரவை வினவும் ஆற்றலோ எப்பொறிக்கும் பொதுவானது. அன்றியும், வங்கிக் கடன், வேலைவாய்ப்பு, பல்கலைக்கழக அனுமதி ஆகியவற்றிலே பொறியைக் கையாள்வோர் சிலராகவும், பொறியால் மதிப்பிடப்படுவோர் பலராகவும் இருப்பர். அப்பலருக்கும் உரிய கல்வியே பொதுக்கல்வியாகும்.

பரீட்சை முறை மாறாது இவை வேர்கொள்ளா என்பதும் மறுக்கத்தக்கதன்று. செயற்கை நுண்ணறிவை வரையறுக்க என்னும் வினா இருக்கும்வரை வரையறையே மனனஞ் செய்யப்படும். அதனிடத்தில், ஒரு சிறு தரவட்டவணையைக் கொடுத்து, இதிலிருந்து எம்முடிவு பெறலாம், எம்முடிவு பெறலாகாது, வேறெத்தரவு வேண்டும் என மூன்று வினா அமைத்தல் தேசிய கல்வி நிறுவகத்துக்கும் பரீட்சைத் திணைக்களத்துக்கும் இயலாத செயலன்று. பெறலாகாத முடிவைப் பெறலாகாதெனக் கூறும் விடைக்கும் புள்ளி வழங்கப்படுமாயின், பாடசாலையின் போக்கே மாறும்.

ஒரு சமுதாயம் எண்ணப்படாது விடப்பட்டமையும், பிழையாக எண்ணப்பட்டமையும் இக்குடாநாட்டார் தம் வாழ்விற் கண்டவை. இனிவரும் பொறிகள் அப்பழைய ஏடுகளையே உண்டு, அவற்றிலிருந்தே எதிர்காலத்தைக் கூறும். அவை கூறுவனவற்றைக் கேட்டு ஒழுகும் மாணாக்கரை ஆக்குதல் எளிது. எவ்வளவையால் இதனை அறிந்தாய் என்று பொறியைக் கேட்கும் மாணாக்கரை ஆக்குதல் அரிது. அரியதைச் செய்தலே கல்லூரிகளின் கடன். எண்ணும் எழுத்தும் ஒன்றாய்விட்ட இக்காலத்தில், அவ்விரண்டையும் அளக்கும் அளவையறிவு மூன்றாவது கண்ணாகக் கணினிப் பாடத்தின் நடுவே வைக்கப்படுதல் வேண்டும்.